பஞ்சுவின் கட்டைவிரல்

பஞ்சுவின் கட்டைவிரல் அந்த ஒரு இடத்துக்கு வந்தால் மட்டும் நின்றுவிடும்.

மற்ற நேரத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. கழுத்தடியில் ஆரம்பித்து, தோள்பட்டை எலும்பின் விளிம்போடு ஒரு சுற்று போய், முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டு இறங்கும். இடது பக்கம், உள்ளாடைப் பட்டை பதிகிற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் டக்கென்று நிற்கும். அதோடு அவள் பேச்சும் நிற்கும். நெட்டைக்கு உறைத்தது அதுதான். பஞ்சு வாய் மூடி யார் பார்த்திருக்கிறார்கள்? பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே துணியைக் கடித்தபடி மூன்று மணி நேரம் வம்பளந்தவள் அவள்.

"எப்படி இருக்க?" என்று அப்போது கேட்பாள். தொட்டிலுக்குள் குனிந்து கேட்கிற மாதிரி, ரொம்ப மெதுவாக.

"இருக்கேன்டி. நல்லா அழுத்து" என்பாள் நெட்டை, குப்புறப் படுக்கிறவர் முகம் வைக்கக் கட்டிலில் விட்டிருந்த ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

பஞ்சு அழுத்த மாட்டாள். நாலைந்து மூச்சு நேரத்துக்கு விரல் அங்கேயே கிடக்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கீழே இறங்கும், வம்பும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஓட்டை வழியாகத் தெரிகிற பஞ்சுவின் இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டே நெட்டை அதை மறந்துவிடுவாள். ஐந்து மாதமாக, வியாழன் தவறாமல், மறந்துகொண்டுதான் இருந்தாள்.

இரண்டு பேரும் பிசியோதெரபி படித்தது ஒரே வகுப்பில். உயரத்தால் ஒருத்திக்கு நெட்டை என்று பெயர் வந்தது, கையின் மென்மையால் இன்னொருத்திக்குப் பஞ்சு என்று வந்தது. பட்டம் வாங்கிய கையோடு, ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்று அறை பிடித்துத் தொழில் ஆரம்பித்தார்கள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. நெட்டைக்குக் கல்யாணம் நடந்தபோது மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றது பஞ்சு. அவள் மகளுக்குப் பேர் வைத்தது பஞ்சு. பிரசவ வலியில் நெட்டை கடித்துவைத்ததும் பஞ்சுவின் கையைத்தான். அந்தத் தழும்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி மானத்தை வாங்குவாள்.

அவர்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு கேள்வித் தாள் நிரப்பாமல் யார் உடம்பிலும் கை வைக்கக் கூடாது. ராத்திரி எப்படிப் புரண்டு படுத்தாலும் வலி அடங்காமல் இருக்கிறதா, காரணம் இல்லாமல் எடை குறைந்ததா, படுக்கை நனைகிற மாதிரி வேர்க்கிறதா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் உண்டா என்று போகும் அந்தத் தாள். ஒரே ஒரு 'ஆமாம்' விழுந்தாலும் ஆளைக் கட்டிலில் ஏற்றாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். முதுகுவலி என்று வருகிற நூறு பேரில் ஒருவருக்கு அது முதுகுவலியாக இருக்காது. அந்த ஒருவரைத் தவற விடக் கூடாது. தாளை எழுதியது நெட்டைதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் ஒருத்திக்கொருத்தி அந்தத் தாளை நீட்டியதே இல்லை. நமக்குள்ள என்னடி ஃபாரம் என்று ஒரு சிரிப்பு. ஊரார் முதுகையெல்லாம் விசாரிக்கிறவர்கள் சொந்த முதுகை விசாரிப்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள திமிர் அது. கனத்த ஆசாமி ஒருவரைத் தூக்கி உட்கார வைத்ததில் பிடித்துக்கொண்டது என்று நெட்டை முடிவு கட்டினாள். வியாழக்கிழமை மதியம், ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் வராத நேரத்தில், பஞ்சுவின் கையில் முதுகைக் கொடுத்தாள். தீர்ந்தது விஷயம்.

அந்த வியாழக்கிழமை, ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, டிரைவருடைய வீட்டம்மா படியேறி வந்தார். டிரைவர் போன வருஷம் பஞ்சுவிடம் இடுப்புவலிக்கு வந்துகொண்டிருந்தவர். ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். முதுகெலும்பெல்லாம் புற்று பரவியிருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டார்கள். நல்ல மனுஷன், வரும்போதெல்லாம் நெட்டையை 'மேல காத்து எப்படிம்மா இருக்கு?' என்று கலாய்ப்பார்.

"அவரோட பேப்பர் ஏதாச்சும் இருந்தா குடும்மா. பையன் எல்லாத்தையும் ஒண்ணா வைக்கணும்ங்கிறான்."

பஞ்சு சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். கடைசி அறையில், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்குகிற தொட்டிக்கு மேலே இருந்த பஞ்சுவின் அலமாரியில் துழாவி நெட்டையே அந்தத் தாளை எடுத்து வந்தாள். ஏழு கேள்வி. ஏழுக்கும் 'இல்லை'.

வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இது யாரு எழுதினது?"

"அவரு சொன்னதை எழுதியிருக்காங்கம்மா."

"நானும் பக்கத்துல தானேம்மா உக்காந்திருந்தேன். ராத்திரி வலிக்குதான்னு கேட்டாங்க, ஆமான்னாரு. எடை குறையுதான்னு கேட்டாங்க. ஆமா, பேண்ட்டு நிக்க மாட்டேங்குதுன்னு நான்தான் சொன்னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே எழுதுச்சு. எழுதுச்சேம்மா!"

வேறு யாருடைய தாளாவது மாறியிருக்கும் என்று மழுப்பினாள் நெட்டை. தேடி வைக்கிறேன், நாளைக்கு வாங்க என்றாள். வீட்டம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் என்னம்மா இப்படி இளைச்சுட்டே" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அவர் போனதும் அந்த இடம் ரொம்ப நிசப்தமானது. கீழே கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போகும்போது ஷட்டரை இழுத்த சத்தம் சுவர் வழியாக ஏறி வந்து அடங்கியது. கடைசி அறையில் மெழுகுத் தொட்டி சூடாகி, உருகின மெழுகின் வாசனையும் ஜெல்லின் குளிர்ந்த வாசனையும் வலித் தைலத்தின் காரமும் ஒன்றாகக் கலந்து, பத்தொன்பது வருஷமாகத் தன் வாசனை என்றே அவள் நினைத்திருந்த அந்த வாசனை, இன்றைக்கு என்னவோ வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி மூக்கில் அடித்தது. பால்கண்ணாடி ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. தெருவில் போகிறவர்களின் நிழல்கள் கூரையில் தலைகீழாக நகர்ந்தன. தொட்டியின் மூடிக்கு அடியில் மெழுகு ஒரே ஒரு தடவை, தொண்டையைச் செருமுகிற மாதிரி, கொப்பளித்தது.

அவள் திரும்பவும் அலமாரியைத் திறந்தாள். தாள் மாறித்தான் இருக்கும், வேறென்ன? ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். அவற்றுக்குப் பின்னால், ஒத்தடத் துணிகளில் சுற்றி, ஒரு நீள நோட்டு இருந்தது.

பஞ்சுவின் கையெழுத்து. பொடிப் பொடியாக, அழகாக. ஒரு ஆளுக்கு இரண்டு பக்கம். டிரைவரின் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருந்தாள்.

'ராத்திரி வலி ஆமாம். எடை ஆமாம். விரலில் பட்டது. கடுகளவு.'

பதினைந்து நாள் கழித்து மிளகு. பிறகு பட்டாணி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எந்தக் கணு, எந்தப் பக்கம், சூடு எவ்வளவு. கடைசியில் ஒரு வரி.

'அவரோடு அதுவும் போச்சு. பாவம், அது.'

நெட்டை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பாவம் யார்? பக்கங்களைப் புரட்டினாள். தோள்வலி என்று வந்த பாட்டு டீச்சர். இடுப்புவலி என்று வந்த தையல்காரர். சின்ன வயசு, தபால் ஆபீஸ்காரப் பெண், கல்யாணத்துக்கு முன்னாலேயே செத்துப்போனாளே, அவள். எல்லாருக்கும் கடுகு, மிளகு, பட்டாணி. எல்லாருக்கும் கடைசியில் அந்த ஒரு வரி. கண்டுபிடிக்கத் தெரியாத கை இல்லை இது. எந்த எக்ஸ்ரே படத்திலும் தெரிவதற்கு முன்னால் கண்டுபிடித்த கை. கண்டுபிடித்துவிட்டு, மேலே துணியைப் போர்த்திவிட்ட கை.

கடைசிப் பக்கத்தில் பெயர் இல்லை. 'நம்ம நெட்டை' என்று இருந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய வியாழக்கிழமையில் கடுகு. அதற்கடுத்த மாதம் மிளகு. 'தூங்கினியாடின்னு கேட்டேன். மூணு மணிக்கு எழுந்து கூடத்துல நடந்தாளாம்.' அது அன்றைக்கு டீ குடிக்கும்போது கேட்டது. 'சுடிதார் தொளதொளன்னு தொங்குது. கொடுத்து வச்சவடின்னு சொன்னேன். சந்தோஷப்பட்டா.' ஆமாம், பட்டாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்து, வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டாள். 'ராத்திரி வேர்க்குதாம். வயசாயிடுச்சுடி நமக்குன்னு சொல்லி வச்சேன். நம்பிட்டா.'

'எப்படி இருக்கன்னு கேட்டேன். நெட்டை பதில் சொன்னா. நான் அவளைக் கேட்கலை.'

எங்கே போய் முட்டிக்கொள்வது? அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது முதலில். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி. மனப்பாடமாகத் தெரிந்த ஏழு கேள்வி. அவற்றில் சில பேச்சோடு பேச்சாகத் தன்னிடம் கேட்கப்பட்டிருக்கின்றன, அவளும் அவற்றுக்கெல்லாம் ஆமாம் சொல்லியிருக்கிறாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்தாளே. இந்தப் பாவிக்கு வாரம் ஒரு தடவை ஆசை ஆசையாக முதுகைக் காட்டினாளே.

தாளில் மிச்சம் இருந்தது காலும் சிறுநீரும். அவள் யோசித்தாள். காலையில் படியேறும்போது இடது செருப்பு கழன்று கீழேயே கிடந்துவிட்டது. நாலு படி ஏறின பிறகு பின்னால் வந்த ஆள் சொல்லித்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இறங்கிப் போட்டுக்கொண்டாள். தரையின் குளிர்ச்சி காலில் ஏறவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அப்புறம் குளியலறை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போனதா போகவில்லையா என்றே புரியவில்லை. உட்காரும் இடமே தன்னுடையது இல்லாத மாதிரி மரத்துக் கிடந்தது.

இது அவளுக்குத் தெரியும். தண்டுவடத்தை ஏதோ நெரிக்கிறது. இனி மாதக் கணக்கோ வாரக் கணக்கோ இல்லை, மணிக் கணக்கு. இன்றைக்கே, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் தப்பிக்கலாம், உயிரும் தப்பிக்கலாம். ஓடு என்று உடம்பு மொத்தமும் சொன்னது. போன் முன்னறையில் சார்ஜரில் இருந்தது. எழுந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பஞ்சு எப்போதும் ஒவ்வொரு படிக்கும் ஏதாவது முனகிக்கொண்டு வருவாள். இன்றைக்கு முனகல் இல்லை. கதவு திறந்தது. சாப்பாட்டுப் பையை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு தாழ்ப்பாள் சத்தம்.

"டிரைவர் வீட்டம்மாவைக் கீழ பார்த்தேன்" என்றது பஞ்சுவின் குரல். "அழுதுக்கிட்டுப் போனாங்க."

நெட்டை நடு அறை வரைக்கும் வந்திருந்தாள். கையில் நோட்டு. மறைக்கவும் தோன்றவில்லை. பஞ்சு அதைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. சமையலறையில் டப்பா இடம் மாறியிருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள்.

"நீயாடி?" என்றாள் நெட்டை. "என் பொண்ணுக்குப் பேர் வச்சவடி நீ. ஏண்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா வெட்டி எடுத்திருப்பாங்களே."

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னாள். அவள் கண்ணில் துளி குரோதம் இல்லை. பாசம்தான் இருந்தது. அந்தப் பாசம் நெட்டையின் முகத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, எங்கேயோ பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பஞ்சுவைத் தள்ளிவிட்டு ஓடினாள். ஓடினதாகத்தான் நினைத்தாள். வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை. இரண்டாவது எட்டில் வலதும் மடங்கியது. சொல்லாமல் கொள்ளாமல், நாற்காலியை யாரோ உருவிக்கொண்ட மாதிரி தரை மேலே வந்தது. முழங்கால் ஓங்கி இடித்தது. சத்தம் கேட்டது. வலிக்கவில்லை.

"பார்த்துடி" என்றாள் பஞ்சு.

ஒத்தை ஆளாக ஒருவரைத் தரையிலிருந்து தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டார்கள், ஒருத்தியை ஒருத்தி தூக்கித் தூக்கி, சிரித்துச் சிரித்து. இடுப்பில் பட்டையைக் கட்ட வேண்டும். முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. நெட்டை கையால் அடித்தாள், பிறாண்டினாள், தழும்பு இருக்கிற அதே கையைக் கடித்தாள். பஞ்சு பொறுமையாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். உலகத்திலேயே மென்மையான கை. கட்டிலில் குப்புறப் போட்டது. முகத்தை ஓட்டைக்கு நேராகத் திருப்பி வைத்தது. பட்டையைக் கட்டிலோடு சேர்த்து இறுக்கியது.

முன்னறையில் போன் அடித்தது. வீட்டுக்காரருக்கு என்று வைத்திருந்த மணி.

"எடுக்காதே! பஞ்சு, குடுடி, என்கிட்ட குடுடி!"

பாதங்கள் போயின. நடுக் கதவு சாத்தப்பட்டது. சாத்தின கதவுக்குப் பின்னால் அந்தக் குரல், பத்தொன்பது வருஷப் பழக்கத்தோடு, அண்ணா என்று ஆரம்பித்தது.

"இல்லண்ணா, கண்ணு அசந்துட்டா. பாவம், ரொம்ப அலுப்பு. எழுப்ப வேணாம்னு பார்த்தேன். சாயங்காலம் நானே கொண்டாந்து விடறேன். பாப்பாவுக்குப் பரீட்சை எப்படிண்ணா?"

நெட்டை கத்தினாள். குரல் ஓட்டை வழியாகக் கீழே போய்த் தரையில் மோதிச் செத்தது. கீழே கடை பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் வீட்டுக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். பஞ்சுவும் சிரித்தாள்.

கதவு திறந்தது. பாதங்கள் திரும்ப வந்தன.

"நாலு மணிக்குத்தான்டி அடுத்த ஆள். அவங்களையும் வர வேண்டாம்னுட்டேன்."

"பஞ்சு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எனக்குக் கால் போச்சுடி. இன்னைக்கே போனா பொழைச்சுக்குவேன். உனக்குத் தெரியும்ல? உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்."

"என் பொண்ணு பதினாலு வயசுடி."

பஞ்சுவின் கை வந்தது. சட்டை விலகியது. முதுகில் காற்று பட்டது. மேல் முதுகில் குளிர்ந்தது. அதற்குக் கீழே காற்று இருந்ததா இல்லையா, தெரியவில்லை. எங்கே உடம்பு முடிகிறதோ அந்த எல்லையில், இடது பக்கம், ஒரே ஒரு இடம் மட்டும் உயிரோடு இருந்தது. சூடாக. அடித்துக்கொண்டு. அவள் நெஞ்சுத் துடிப்போடு சேராமல், தனியாக.

கட்டைவிரல் வந்து தொட்டது.

ஓட்டைக்குக் கீழே பாதங்கள் இன்னும் நெருங்கி வந்தன. குதிகால்கள் எழும்பின. கட்டிலின் மேல் யாரோ குனிகிற பாரம். முதுகின் மேல் தலைமுடி சரிந்தது. பிறகு கன்னம். பிறகு காது, அந்த இடத்தின் மேல், பதிந்து.

பஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நெட்டையும் அடக்கினாள். வேண்டுமென்று இல்லை. அவளுக்கும் கேட்க வேண்டியிருந்தது.

"வா தங்கம்" என்றாள் பஞ்சு. கெஞ்சலாக. கொஞ்சலாக. "யாரும் இல்ல. வா."

தோலுக்கு அடியில், விலா எலும்புகளுக்கு நடுவில், அது அந்தக் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது.